அலையில்லாத கடலில் வரும் பயம்

கடலில் பயம் என்றதும் நம் மனம் புயலுக்குத்தான் போகும். மேற்கு கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்களுக்கு வந்த பயம் வேறு. காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாளில்தான் அது வரும். அவர்கள் மொழியில் அதன் பெயர் நங்கியர்னெக். மருத்துவர்கள் கயாக் பயம் என்றார்கள்.

முதலில் கயாக்கைப் பார்ப்போம். மரச்சட்டத்தின்மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலை இழுத்துத் தைத்த, ஒருவர் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய படகு. நடுத்துளையில் இடுப்புவரை இறங்கிக் காலை நீட்டி உட்கார வேண்டும். இடுப்பு அசைந்தால் படகும் அசையும். சீல் மூச்சுவிட மேலே வரும்வரை அதில் ஆடாமல் காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பயம் தொடங்கும். எதிரே சூரியன், சுற்றிலும் ஒரே வெளிச்சம். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று புலப்படாது. படகின் முனை நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும். படகுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல் இடுப்புக்குக் கீழே குளிரும். துடுப்பைப் பிடித்த கை அசையாது.

நாம் நேராக உட்கார்ந்திருக்கிறோம் என்று மூளைக்கு யார் சொல்கிறார்கள்? கண்ணும் உட்காதும் தசைகளும் சேர்ந்துதான். பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயிலே கிளம்பிவிட்டதாக ஒரு கணம் ஏமாறுகிறோமே, அது கண் கொடுத்த தப்பான தகவல். கயாக்கில் இருப்பவருக்கோ கண் பற்றிக்கொள்ள ஒரு கோடுகூட இல்லை. உடலும் அசையாததால் தசைகளிடமிருந்தும் புதிய சேதி வருவதில்லை. எது மேல், எது கீழ் என்ற பிடி நழுவுகிறது. பல ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களையும் இது பிடித்தது. டேனிஷ் மருத்துவர் ஆல்ஃபிரட் பெர்ட்டெல்சன் 1905-இல் இதைப் பற்றி எழுதினார். காப்பியும் புகையிலையும்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. அலை அடிக்கும்போது உடல் ஓயாமல் ஈடுகொடுக்கிறது, மூளைக்குச் சேதி வந்துகொண்டே இருக்கிறது. அமைதியில்தான் அது நின்றுபோகிறது.

ஒருமுறை வந்தவருக்கு, மறுபடி வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சிலர் கடலுக்குப் போவதையே விட்டார்கள். அன்று சீல் பிடிக்காத வீட்டில் இறைச்சி இல்லை, விளக்குக்குக் கொழுப்பு இல்லை, உடைக்குத் தோல் இல்லை.

துணைக்கு ஒருவர் தன் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பயம் தணியும். இரண்டும் சேர்ந்து அகலமாகிவிட்டதால் படகு எளிதில் சாயாது. கண்ணுக்கும் பக்கத்திலேயே ஒரு மனித முகம் கிடைத்துவிடும்.