முந்திரிகைக் கனியும் வளர்ச்சிப் பதார்த்தங்களும்



திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகைக் குலையொன்றை வாங்கக் கடைக்குச் செல்கின்றோம். நம் கை முதலில் நாடுவது பருத்த கனிகளையுடைய குலையையே. வீட்டுக்கு வந்து வாயிலிட்டால், சில வேளைகளிற் சுவை உருவத்துக்கு ஏற்றதாயிருப்பதில்லை. கண்ணுக்கு நிறைந்தது நாவுக்குக் குறைவதேன்? இதற்கு விடை காண, முதலில் நெல்வயலுக்குச் செல்லல் வேண்டும்.

நெற்பயிருக்கு வரும் ஒரு நோயினால் நாற்றுக்கள் அளவுமிஞ்சி உயர்ந்து, மெலிந்து, வெளிறிப்போகும். 1926ஆம் ஆண்டில், யப்பானியராட்சிக்கு உட்பட்டிருந்த தைவான் தீவிலே, குரோசாவா என்னும் ஆய்வாளர், அந்நோய்க்குக் காரணமான பங்கசு சுரக்கும் ஒரு பொருளே நாற்றுக்களை நீளச் செய்கின்றதெனக் காட்டினார். 1935இல் யபுதா என்னும் அறிஞர் அதற்கு ஜிபரலின் எனப் பெயரிட்டார். நோயிலே கண்டெடுக்கப்பட்ட இப்பொருள், நோயற்ற தாவரங்களிலும் மிகச் சிறிதளவில் இயல்பாகவே உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

முந்திரிகைக்கும் இதற்கும் யாது தொடர்பு? இளங்கனியைப் பெருக்கச் செய்யும் ஜிபரலினை அளிப்பதில் விதைக்குப் பெரும்பங்குண்டு. நாம் 'பிளம்ஸ்' என வாங்கும் வற்றலுக்குப் பயன்படும் விதையில்லாத் தொம்சன் இனத்தில், விதைகள் இளமையிலேயே வளர்ச்சி நின்றுவிடுவதாற் கனிகள் இயல்பிற் சிறியன. கலிபோர்னிய விவசாயிகள் கொடியின் பட்டையை மெல்லிய வளையமாக உரித்து, இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்காது கனிக்கே செல்லும்படி செய்து வந்தனர். 1950களின் பிற்பகுதியில், டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் வீவர் முதலியோர் நடத்திய ஆய்வுகளின் பின்னர், ஜிபரலின் தெளிக்கும் முறை அங்கே பரவிற்று. பூக்கும்போது தெளித்தாற் சில பூக்கள் உதிர்ந்து குலையின் நெருக்கந் தளரும். பிஞ்சு பிடித்தபின் தெளித்தாற் கனி பருக்கும்.

யப்பானிலோ விதையுள்ள டெலவெயார் இனத்தின் குலைகளை, பூப்பதற்கு ஏறத்தாழ இரு வாரங்களின் முன்னரும், பூத்துப் பத்து நாட்களின் பின்னரும், பத்து இலட்சத்தில் 100 பங்கு செறிவுள்ள கரைசலில் அமிழ்த்துவர். முதலாவது அமிழ்த்தல் விதையை ஒழிக்கும். இரண்டாவது கனியை வளர்க்கும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஜிபரலின் கட்டளையிடுமேயன்றி உணவு சமைப்பதில்லை. வெல்லத்தை ஆக்குபவை இலைகளே. மிகுதியான குலைகளைக் களையாது கனிகளை மட்டும் பெருக்க முற்பட்டால், உள்ள வெல்லத்தைப் பலரும் பங்கிட்ட கதையாகும். பழுத்தல் பிந்தும், சுவை குன்றும். மருந்து அளவு மிஞ்சினாற் காம்பு தடித்து விறைத்துக் கனிகள் உதிரும். அடுத்த பருவத்து மொட்டுக்களின் காய்க்குந் திறனும் குறையலாம்.

ஏனைய வளர்ச்சிப் பதார்த்தங்களும் இத்தகையனவே. போர்குளோர்பெனூரோன் கனியைப் பெரிதாக்கி இறுக்கமுஞ் சேர்க்கும். ஆனால் வெல்லமும் நிறமும் ஏறுவதைத் தாமதப்படுத்தும். எதிபோன் செந்நிற இனங்களின் நிறத்தை விரைவுபடுத்தும். ஆனாற் கனியை மென்மையாக்கவுங் கூடும். பழுக்குங்காலத்திற் கனியில் இயல்பாகவே பெருகும் அப்சிசிக் அமிலமும் நிறத்துக்காகத் தெளிக்கப்படுகின்றது.

நிறம் வந்ததனால் இனிப்பும் வந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. வாழைக்குலையை வெட்டி வைத்துப் பழுக்கச் செய்யலாம். முந்திரிகையோ கொடியிலிருந்து பறித்தபின் மேலும் இனிப்பதில்லை. நிறத்தை மட்டும் நம்பி அவசரப்பட்டுப் பறித்த குலையின் புளிப்பைத் திருத்த எம்மருந்தாலும் இயலாது.

ஆதலால், பயிரிடுவோர் காலமும் அளவும் அறிந்து, இலைகள் தாங்கக்கூடிய குலைகளையே விட்டுவைத்தல் வேண்டும். வாங்குவோர்க்கும் ஒரு கடமையுண்டு. பருமனுக்கே நாம் விலை கொடுத்தாற் பருமனே விளையும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, கடைக்காரரின் அனுமதியுடன், குலையின் அடி நுனியிலிருந்து ஒரு கனியைச் சுவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இறுதியிற் பழுப்பது அதுவே. அது இனித்தாற் குலை முழுவதும் இனிக்குமென நம்பலாம்.