ஈஸ்ட் எப்போது சீனியைத் தொடும்?

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டிப் பந்தலடியில் ஒரு கொத்தை ஏந்திப் பாருங்கள். கருநீலத் தோலில் வெளிறிய மாவு படிந்திருக்கும், விரல் பட்டதும் அழியும். அதை ஈஸ்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பழம் சுரக்கும் மெழுகு. சாற்றைப் பொங்கவைக்கும் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் முழுப்பழத்தில் அரிது, தோல் வெடித்த பழத்தில்தான் அதிகம்.

சாற்றில் குளுக்கோஸ் ஏற்கெனவே ஏராளம். நொதிக்க வைப்பவர்கள் மேலும் போடும் சீனி, சுக்ரோஸ். அதை உடைக்க இன்வர்டேஸ் நொதி வேண்டும். அதற்கான மரபணு சக்2. குளுக்கோஸ் மிகுந்திருக்கும்வரை ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் அடக்கியே வைக்கும்.

ஈஸ்டின் டி.என்.ஏ. வெறும் இழையாகக் கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டையை, 147 எழுத்து நீளத்துக்கு, ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம், இவை தொடர்ந்து அமைந்ததே குரோமாட்டின். மரபணுவின் தொடக்கம் சுருளுக்குள் அகப்பட்டால், படிக்கும் நொதிக்கு அங்கே இடமில்லை. சக்2-இன் வாசலில் மிக்1 புரதம் ஒட்டிக்கொண்டு டப்1, சைக்8 என்ற இரண்டையும் வரவழைக்கிறது. அவை அங்குள்ள நியூக்ளியோசோம்களை அசையாமல் நிலைக்கவைக்கின்றன. குளுக்கோஸ் தீர்ந்துவரும்போது ஸ்னிஃப்1 நொதி மிக்1-இல் பாஸ்பேட்டை ஒட்ட, மிக்1 உட்கருவைவிட்டு வெளியேறுகிறது. அப்போது ஸ்விச்-ஸ்னிஃப் என்ற புரதக்கூட்டம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து நியூக்ளியோசோம்களை நகர்த்த, மரபணு திறக்கிறது.

ஸ்விச்-ஸ்னிஃப் என்ற இந்த இரட்டைப் பெயர் வந்த விதம், உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த வரலாறு. 1984-இல் மரியன் கார்ல்சனின் ஆய்வகம் சீனியைத் தின்ன முடியாத ஈஸ்ட்களைத் தேடியது; 'ஸ்னிஃப்' அங்கிருந்து வந்தது. ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸின் குழுவோ இணைசேரும் வகையை மாற்றிக்கொள்ள முடியாத ஈஸ்ட்களைத் தேடிக்கொண்டிருந்தது; 'ஸ்விச்' அங்கிருந்து வந்தது. இரு தரப்பும் பிடித்துப் பெயரிட்ட மரபணுக்களில் ஒன்று, ஒரே மரபணுதான் என்று பின்னர் தெரிந்தது. மனித உடலிலும் இந்தப் புரதக்கூட்டம் உண்டு. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இதன் உறுப்புகளுக்கான மரபணுக்களில் பழுது காணப்படுகிறது.

நியூக்ளியோசோம் என்றாலே தடை என்றும் சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தில் பூர்ணிமா பார்கவாவின் குழு ஈஸ்டின் யு6 ஆர்.என்.ஏ. மரபணுவை ஆராய்ந்தது. அங்கே நியூக்ளியோசோம் சரியான இடத்துக்கு நகர்ந்து அமர்ந்தால்தான் மரபணு முழு வேகத்தில் வேலைசெய்கிறது.