அடைப்பான் சந்தேகமா? ஆட்டை அறுக்காதீர்கள்!

"சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்த கிடா, விடிந்து பார்த்தால் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம். அது உறையவே இல்லை. அறுத்துப் பங்கு போட்டால் பாதிப் பணமாவது தேறும் என்கிறார்கள். செய்யலாமா?"

இது வாசகர் ஒருவரின் கேள்வி. செய்யவே கூடாது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அடைப்பான் நோயுடையவை. நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் வயல் பார்க்கப் போன ஓர் ஊரில், செத்த ஆட்டை உரித்தவரின் முன்கையில் கறுத்த பொருக்குப் புண்ணைப் பார்த்திருக்கிறேன். வலி இல்லையே என்று பத்து நாள் சும்மா இருந்திருக்கிறார். வலிக்காததுதான் அந்தப் புண்ணின் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போனால் குணமாகும்.

உடலுக்குள் அடைபட்டிருக்கும் வரை இந்தக் கிருமி பெரும்பாலும் அழுகலில் செத்துவிடும். கத்தி பட்டுக் காற்றுப் பட்டால், ஸ்போர் என்ற கெட்டி உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அப்புறம் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதனால்தான் மருத்துவர்கூட உடலைத் திறக்காமல், காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான் சோதிக்கிறார்.

முதலில் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். அவர் வரும்வரை நாய், காக்கை அண்டாமல் காவல் இருங்கள். உடலைத் தரையில் இழுக்காதீர்கள். அவர் சொற்படி, கையுறை போட்டு, துவாரங்களைக் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடைத்து, செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதையுங்கள். குழி 6 அடிக்குக் குறையக் கூடாது. கிணறு, ஓடைக்குத் தள்ளி, மேட்டில் இருக்கட்டும். ரத்தம் பட்ட மண்ணும் வைக்கோலும் அதே குழிக்குள் போக வேண்டும். சுண்ணாம்பு தூவிவிட்டோம், போதும் என்று அரைக்குழி வெட்டுபவர்கள் உண்டு. சுண்ணாம்பை நம்பி ஆழத்தைக் குறைக்காதீர்கள். ஸ்போர் அதற்கெல்லாம் அசையாது.

ஏரியிலோ வாய்க்காலிலோ வீசுவது 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குற்றம்.

என் துறை சார்ந்து ஒன்று: குழி மேட்டை முள்வேலி போட்டு விட்டுவிடுங்கள். அங்கே உழவும் வேண்டாம், தீவனச் சோளமும் வேண்டாம்.

மீதி ஆடுகளுக்குத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது உடம்பில் இருக்கும்போது தடுப்பூசி பிடிக்காது.