சாரல் காலத்தில் சிறு இஞ்சின்களுக்குக் கவனம் தேவை

செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து, ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை நனைக்கும் சாரல் கார் பயிருக்கு நல்லது. விசைத்தெளிப்பான், புல்வெட்டும் கருவி ஆகியவற்றின் பெட்ரோல் இஞ்சின்களுக்கு அந்த ஈரம் ஆகாது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். டூ ஸ்டிரோக் இஞ்சினின் பிஸ்டன் தேயாமல் காப்பது பெட்ரோலில் கலந்த ஆயில்தான். அடியில் தங்கிய நீரில் ஆயில் அநேகமாக இராது. அது உள்ளே சென்றால் பிஸ்டன் இறுகிவிடும்; செலவு பெரிதாகும்.

சோதனை எளிது. பல நாள் நின்ற இஞ்சினைக் கிளப்புமுன், டாங்கியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தனிப் படலம் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றவேண்டும். அருகில் நெருப்பு கூடாது. வடித்ததை வாய்க்காலில் கொட்டவும் கூடாது.

கலவைக்கு, இஞ்சினுடன் வந்த குறிப்புப் புத்தகமே வழிகாட்டி. 25க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், 50க்கு 1 என்றால் 20 மி.லி.

ஃபோர் ஸ்டிரோக் இஞ்சினில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, உடனே மாற்றவேண்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவேண்டும்.

வேலை முடிந்ததும் டாங்கியை வடித்துவிட்டு, இஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகும். அன்றைய வேலைக்கு வேண்டிய அளவே பெட்ரோல் கலப்பது நலம்.