ஊர் வாய்க்கு ஓர் அளவுகோல்!

உலை வாயை மூடலாம்; ஊர் வாயை மூட முடியுமா என்று கேட்பார்கள் நம் பாட்டிமார்கள். மூட முடியாதுதான். ஆனால் அந்த ஊர் வாய் என்ன பேசிற்று, யார் முதலில் தொடங்கி வைத்தார், எந்த வழியாக எத்தனை பேர் காதுக்குப் போயிற்று என்றெல்லாம் இப்போது கணக்கு எடுக்கிறார்கள்! அந்த விந்தையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2017 பிப்ரவரி மாதம் நினைவிருக்கிறதா? 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும், மணல்வாரி அம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் ஆரம்பமாயிற்று. கூடவே வாட்ஸப்பில் வதந்தியும் புறப்பட்டது. ஊசி போட்டால் ஆபத்து என்று கைக்குக் கை தாவியது சேதி. போடுவதா, வேண்டாமா என்று தவித்த தாய்மார்கள் எத்தனையோ பேர்! ரூபெல்லா சாதாரண நோயல்ல. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குச் செவியோ கண்ணோ இருதயமோ பழுதாகக்கூடும். ஆகவே இது வெறும் வம்புப் பேச்சல்ல, உயிர் விஷயம்.

இங்கிலாந்தில் நடந்ததையும் கேளுங்கள். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர், 12 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிட்டது. 2010-ல் பத்திரிகை அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் டாக்டரின் பெயரும் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பத்திரிகை வாபஸ் வாங்கிவிட்டது; ஊர் வாய் வாங்கவில்லையே!

சரி, ஊர் வாயை எப்படி அளக்கிறார்கள்? ஒரு சர்ச்சையைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதப்பட்டவற்றையெல்லாம் முதலில் திரட்டுகிறார்கள். எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து அனுப்பினால், இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு கோடு. நம் வாசல் கோலம் போலவே ஒரு படம் உருவாகிவிடுகிறது! யாரைச் சுற்றிக் கூட்டம் கூடியது, எந்த இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அதில் பளிச்சென்று தெரியும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு பிரசித்தமானது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் 45 லட்சம் தடவைக்கு மேல் பரப்பிய செய்திகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். மெய்யைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாம்! 1,500 பேரை எட்ட, பொய்யைவிட உண்மைக்குச் சுமார் 6 மடங்கு நேரம் பிடித்ததாம்!

யந்திரக் கணக்குகளின் வேலையாக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவை மெய்யையும் பொய்யையும் ஒரே மாதிரிதான் பரப்பின. பொய்க்குச் சிறகு கட்டியவர்கள் மனிதர்களே. பொய் புதுமையாக இருக்கிறது. கேட்டதும் ஆச்சரியமும் அருவருப்பும் உண்டாகின்றன. உடனே நாலு பேருக்குச் சொல்லத் தோன்றுகிறது!

இந்த அளவுகோலுக்கும் குறை உண்டு. எழுதாமல் சும்மா இருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை. சத்தம் போடுகிறவர்கள் மட்டுமே ஊர் ஆகிவிடுவார்களா? வாட்ஸப் பேச்சோ பூட்டிய வீட்டுக்குள் நடப்பது. யாராவது தாமாக எடுத்துக் கொடுத்தாலொழிய ஆராய்ச்சியாளர் பார்க்க முடியாது. ட்விட்டரும் 2023-ல் 'எக்ஸ்' என்று பெயர் மாறியது. முன்பு இலவசமாகக் கிடைத்த தகவலுக்கு அந்த ஆண்டே விலை வைத்துவிட்டார்கள்.

ஆனால் பூட்டிய வீட்டுக்குள் நாம் இருக்கிறோமே, சகோதரிகளே! அடுத்த முறை நாத்தனாரோ சிநேகிதியோ திடுக்கிடும் சேதி ஒன்றை அனுப்பினால், ஒரு நிமிஷம் பொறுங்கள். குழந்தைக்கு ஊசி போடும் நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பெரிய கோலத்தில் நீங்களும் ஒரு புள்ளி. உங்களிடமிருந்து கோடு இழுக்கலாமா, வேண்டாமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது!