பழைய கருவியில் அமைதி, புதியதில் இரைச்சல்

குளிசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாசு இருந்தாலும், திரவக் குரோமட்டோகிராபி வரைபில் அது சிறு உச்சியாகத் தெரிய வேண்டும். அதே முறையை வேறு கருவிக்கு மாற்றியதும் அடித்தளக் கோடு நடுங்கினால், உச்சி அந்த இரைச்சலுக்குள் மறைஞ்சு போய்விடும். இரைச்சலைப்போல் 3 மடங்கு உயர்ந்தால்தான் ‘மாசு இருக்கு’ என்று சொல்லலாம். அளவைச் சொல்ல 10 மடங்கு வேண்டும்.

உடனே டிடெக்டரைக் குறை சொல்லாதீங்க. முதலில் பம்பியை நிறுத்திப் பாருங்க. நடுக்கம் அப்படியே இருந்தால் மின்குமிழைச் சந்தேகிக்கலாம். துத்தேரியம் மின்குமிழ் சுமார் 2000 மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும். நடுக்கம் அடங்கினால், குறை பெரும்பாலும் கரைப்பான் வரும் பாதையில்தான்: வளிக்குமிழ், பம்பியின் வால்வு, அல்லது சரியாகக் கலக்காத கரைப்பான்.

214 நனோமீற்றரில் கடைசிக் காரணத்தை மறக்கக்கூடாது. கரைப்பானில் சேர்க்கும் முப்புளோரோ அசற்றிக் அமிலம் அந்த அலைநீளத்தில் தானே ஒளியை உறிஞ்சும். புதிய கருவியின் கலப்பான் சிறிதென்றால், பம்பியின் ஒவ்வொரு அடிக்கும் கோடு அலையடிக்கும். பெரிய கலப்பான் போட்டால் அடங்கும். ஆனால் கரைப்பான் விகிதம் மாறிக்கொண்டே போகும் முறையில் உச்சிகள் கொஞ்சம் பிந்தி வரும்.

சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டிக் கோட்டை நேராக்குவது லேசு. அளவு மிஞ்சினால் மாசின் உச்சியும் சேர்ந்து மழுங்கிப் போகும். கோடு அழகாயிருக்கும், குளிசை குடிக்கிறவருக்கு அதால் என்ன பிரயோசனம்?