தண்ணீர் ஊற்றக்கூடாத தீ!

எங்காவது தீப்பிடித்தால் என்ன செய்வோம்? 'வாளியை எடு, தண்ணீரை ஊற்று' என்போம். ஆனால், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் தீப்பிடித்தால் அப்படிச் செய்யவே கூடாது. குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதனால், அதன் வழியே மின்சாரம் பாயும். தண்ணீர் ஊற்றியவருக்கே 'ஷாக்' அடித்து, உயிரைப் பறித்துவிடும்!

அப்படியானால், மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே தீப்பிடித்தால்? வாருங்கள், கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலிக்குப் போவோம்.

இங்கே 1957ல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கியது. 1962ல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 58 ஆண்டுகள் உழைத்த அந்த நிலையம் 2020ல் ஓய்வு பெற்றது. அதன் தம்பிகள் இப்போதும் உழைக்கின்றன. பழுப்பு நிலக்கரி பொல்லாதது. குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதற்குத் தண்ணீர் தெளிக்கலாம். ஆனால், டிரான்ஸ்பார்மர் கதையே வேறு.

பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். சூட்டைத் தணிப்பதும், மின்சாரம் தாவாமல் தடுப்பதும் அதன் வேலை. அந்த எண்ணெய் பற்றிக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் வெடிக்கலாம். மனிதர்கள் அருகில் போவது ஆபத்து. அதனால்தான், தானாக இயங்கும் தீயணைப்பு அமைப்புகள் வந்தன. 10 எம்.வி.ஏ., அதற்கு மேல் திறனுள்ள டிரான்ஸ்பார்மர்களுக்கு இவை வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2010ல் விதி வகுத்தது.

கண்ணாடிக் குமிழ் காவலாளி

டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் குழாய்களில் சின்னக் கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். உள்ளே வண்ணத் திரவம். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும். மஞ்சள் என்றால் 79 டிகிரியில் உடையும். குமிழ் உடைந்ததும் குழாயில் அழுத்தம் குறையும். உடனே பெரிய வால்வு திறந்து, நாலாபுறமும் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்.

'தண்ணீர் கூடாது என்றீர்களே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! முதலில் டிரான்ஸ்பார்மருக்கு வரும் மின்சாரம் துண்டிக்கப்படும். தண்ணீரும் தாரையாக வராது; துளித்துளியாகச் சிதறி வேகமாக வரும். துளிகள் எண்ணெயின் மேற்பரப்பில் மோதி அதோடு கலந்துவிடும். அந்தக் கலவை எரியாது!

இன்னொரு முறை, நைட்ரஜன். மேலே உள்ள எண்ணெயில் கொஞ்சத்தை வெளியேற்றிவிட்டு, அடியிலிருந்து நைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். அது எண்ணெயைக் கலக்கும். அடியில் உள்ள குளிர்ந்த எண்ணெய் மேலே வரும். சூடு தணிந்து தீ அணையும்.

கருவிகள் நிறைந்த மூடிய அறைகளில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவது உண்டு. அது ஆக்சிஜனை விரட்டித் தீயை அணைக்கும். நமக்கும் மூச்சு முட்டும்! அதனால், வாயு வருமுன் அபாயச் சங்கு ஒலிக்கும். கேட்டதும் எல்லோரும் வெளியே ஓடிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில்?

டி.வி.யிலோ மிக்சியிலோ புகை வந்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்சை அவர்கள் அணைக்கட்டும். தீ பெரிதானால், எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள்.

நாளை பள்ளிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டர் அறையில் உள்ள தீயணைப்புக் கருவியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது மின்சாரத் தீக்கு ஏற்றதுதானா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்!